உன் தாச்சிக்கு என் நாக்கு

இன்று மதியம் நான் வேலை செய்யும் வீட்டுக்குச் சீனச் சாப்பாடு வந்தது. வீட்டுக்காரச் சினியோராவுக்குச் சமைக்க மனமில்லை. தொலைபேசியில் சொல்லி எடுப்பித்துவிட்டார். பெட்டியின் மூடியை நான்தான் திறந்தேன். வினாகிரியும் வெள்ளை மிளகும் வெங்காயத்தாளும் கலந்த சூடான ஆவி முகத்தில் அடித்தது. 

“நீ சீனர் கடையில் வேலை செய்தவள்தானே? முதலில் நீ ருசி பார்த்துச் சொல்லு” என்றார் சினியோரா.

ஒரு கரண்டி சூப்பை வாயில் வைத்து விழுங்கினேன். என்னை அறியாமலே என் இடது கை பொத்திக்கொண்டது. சினியோரா அதைக் கண்டுவிட்டார். “கை நோகிறதா?” என்று கேட்டார். “இல்லை சினியோரா. உப்புப் போதும் என்று அர்த்தம்” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்க வைக்க என்னாலும் முடியவில்லை.

பொத்திய கையின் அர்த்தம் தெரிந்தவள் இந்தப் பலெர்மோவில் நீ ஒருத்திதான் இருந்தாய். நீ போய் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. உன் சாம்பலை உன் கணவர் சீனாவுக்குக் கொண்டுபோய்விட்டார். பூ வைக்கக்கூட இங்கே எனக்கு ஓர் இடம் இல்லை. அதனால் எழுதுகிறேன். உனக்கும் எனக்கும் நடுவில் இருந்தது இத்தாலியன் மட்டும். உன்னுடையதும் உடைசல், என்னுடையதும் உடைசல். ஆனால் நீ கதைத்ததெல்லாம் என் காதில் எங்கள் மன்னார்த் தமிழாகத்தான் விழுந்தது. நினைவில் இருப்பதும் அப்படித்தான். அப்படியே எழுதுகிறேன், சிரிக்காதே.

ஸ்டேசனுக்குக் கிட்ட, பின் தெருவில் இருந்தது உங்கள் சாப்பாட்டுக் கடை. பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நின்றபோது எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திதான் சொன்னாள். “சீனக் கடையொண்டிலை கோப்பை கழுவ ஆள் தேடினம். போய்ப் பாரன்.” போனேன். முன்னால் மேசைகளை உன் கணவர் பார்த்தார். பின்னால் அடுப்படி முழுவதும் உன்னுடையது. நீ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாய். தழும்புகளையும் காய்ப்பையும் கண்டு தலையாட்டினாய். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை.

அந்தக் குசினியில் இரண்டு சாப்பாடு சமைபடுகிறது என்று எனக்கு முதல் நாளே தெரிந்தது. மேசைக்குப் போவது ஒன்று: ஹாமும் பச்சைப் பட்டாணியும் போட்ட முட்டைச் சோறு, வாதுமைக் கோழி, சுருட்டிப் பொரித்த ரோல், கடைசியில் பொரித்த ஐஸ்கிறீம். 

“சீனாவிலை ஐஸ்கிறீமைப் பொரிப்பினமோ?” என்று கேட்டேன்.

“நானே இஞ்சை வந்துதான் கண்டனான்” என்றாய்.

மற்றச் சாப்பாடு மூன்று மணிக்கு, கடைசி வாடிக்கையாளர் எழும்பிப் போன பிறகு. அன்று எனக்கு முட்டைச் சோற்றைப் போட்டு முள்ளுக்கரண்டியும் வைத்தாய். நீ மட்டும் ஒரு மூலையில் குந்தி, கிண்ணத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்து என்னவோ தின்றுகொண்டிருந்தாய். மன்னாரில் பிறந்தவளுக்கு அந்த மணம் என்னவென்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

“என்ன அது?”

“உனக்கு ஒத்துவராது. நாறும்.”

“கருவாடோ எனக்கு ஒத்துவராது?” என்று என் கோப்பையைத் தள்ளிவிட்டு உன் பக்கத்தில் வந்து குந்தினேன். இடியப்பத்தைக் காயவைத்து நீட்டியது போன்ற அரிசி நூடுல்ஸ், நறுக்கிய கோவா இலை, முட்டை, நடுவில் துண்டு துண்டாகப் புகை மணக்கும் மீன். கையால் எடுத்துத் தின்றேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு எழும்பிப் போய் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்தாய்.

அது வயல் மீன் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. சீனாவின் கிழக்கே, உன்னுடைய மலை ஊரில், நெல்லுக்குக் கீழே தேங்கி நிற்கும் தண்ணீரிலேயே மீன் வளர்ப்பீர்கள் என்றாய். பிடித்து, புகை பிடிக்க வைத்து, காயப்போடுவீர்கள். வெளிநாடு போகிற எல்லாருடைய பெட்டியிலும் அது ஒரு பொட்டலம் இருக்கும் என்றாய். அடுத்த கிழமை நான் கட்டாக் கருவாடு கொண்டுவந்தேன். நீ அதை மெல்லிசாகச் சீவித் தாச்சியில் போட்டு நூடுல்ஸோடு புரட்டினாய். ஒரு வாய் வைத்ததும் “உப்பு!” என்று கத்தி இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தாய். பிறகு இரண்டாம் கிண்ணமும் போட்டாய்.

நாங்கள் இருவரும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள் என்று என் பெர்மெஸோவைப் பார்த்துக் கண்டுபிடித்ததும் நீதான். வதிவிடப் பத்திரத்தில் வேறென்ன இருக்கிறதென்று நீ பார்க்கவேயில்லை. வருடத்தில் விரலை வைத்துச் சிரித்தாய். உங்கள் கணக்கில் அது குரங்கு வருடம். அன்றிலிருந்து நான் உனக்கு ‘ஷிம்மியா’, நீ எனக்கு ‘ஷிம்மியா’. இத்தாலியனில் குரங்கு. உன் கணவர் முன்னாலிருந்து, யாரை யார் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் எட்டிப் பார்ப்பார்.

திங்கட்கிழமை கடை பூட்டு. பின்னேரங்களில் பல்லரோச் சந்தைக்கு நடப்போம். அங்கேதான் ஒரு நாள் சுரைக்கொடியின் கொழுந்தைக் கட்டுக் கட்டாக வைத்திருந்தார்கள். பலெர்மோக்காரர் அதைத் தக்காளியோடு அவித்துப் பாஸ்தாவில் போடுவார்கள். நீ உள்ளியும் எண்ணெயும் போட்டுத் தாச்சியில் இரண்டு சுழற்று, அவ்வளவுதான். நான் தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டினேன். ஒரே கட்டை மூன்று விதமாகச் செய்து ஒரு மேசையில் வைத்துத் தின்றோம். மீனுக்கு பஸ் ஏறி ஸ்ஃபெர்ராகவால்லோ போவோம். வள்ளக்காரரிடம் நீ மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கும் விதத்தைக் கண்டு, இந்த மலைக்காரி எப்படிக் கடற்கரைக்காரி மாதிரிப் பார்க்கிறாள் என்று நினைப்பேன்.

உன் கூட்டாளிகள் வீடுகளுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனாய். துணிக்கடை வைத்திருந்த வடக்கத்திப் பெண் கொழுக்கட்டை மாதிரி ஒன்றை அவித்து உள்ளியும் வினாகிரியும் தொட்டுத் தந்தாள். சிச்சுவான்காரர் ஒருவர் மிளகாய் எண்ணெயில் மீனை முக்கித் தந்தார். நான் சந்தோஷப்பட்டேன், உனக்குக் கண்ணீர் வந்தது. திரும்பி வரும் வழியில் நீ சொன்னாய்: “சீனாவிலை இதொண்டும் நான் காணேல்லை. எங்கடை மலையிலை ஆர் இதைச் செய்தது? பலெர்மோவுக்கு வந்துதான் சீனாவைத் தின்னுறன்.” நான் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு யோசித்தேன். பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற் கூழை நான் முதன்முதலாகக் குடித்தது பலெர்மோவில், யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தியின் வீட்டில்தான். மன்னாரில் எங்கள் வீட்டில் அதைக் காய்ச்சியதே இல்லை.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. உலகமெல்லாம் கடை பூட்டியது, உங்கள் கடையும்தான். நீயும் இரண்டு கிழமை படுத்துக் கிடந்தாய். திரும்பக் கடை திறந்து மூன்றாம் நாள், தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த எனக்கு உள்ளி கருகுகிற மணம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். நீ தாச்சிக்கு முன்னால் நின்று கிளறிக்கொண்டேயிருந்தாய். உன் முகத்தில் ஒன்றுமே இல்லை.

“ஷிம்மியா! கருகுது!”

நீ தாச்சியைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அடுப்பை நிற்பாட்டி, என்னை மரக்கறி வைக்கும் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாய்.

“மணம் போட்டுது. ருசியும் போட்டுது. உப்பும் புளியும் எங்கையோ தூரத்திலை கதைக்கிற மாதிரிக் கேக்குது. மிச்சமெல்லாம் கடதாசி.”

“டொக்டர் என்னவாம்?”

“பொறுக்கட்டாம்.” என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாய். “அவருக்குச் சொல்லாதை.”

உன் கணவருக்கு ஏன் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். அவருடைய உறவினர்கள் ஒவ்வொருவராகச் சுஷிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஒரே விலைக்கு வயிறு முட்டச் சாப்பிடும் பெரிய கடைகள். உங்கள் கடையையும் மாற்றச் சொல்லி அவரை நெருக்கினார்கள். நீ ஒருத்திதான் மாட்டேன் என்று நின்றாய். “யப்பான் எங்கை இருக்கெண்டே எனக்குத் தெரியாது. நான் என்னத்துக்குப் பச்சை மீன் வெட்டவேணும்?” சமைக்கிறவளுக்கு நாக்கு இல்லை என்று தெரிந்தால் அந்த வாக்குவாதம் அன்றைக்கே முடிந்துவிடும்.

அப்படித்தான் உன் தாச்சிக்கு என் நாக்கு வந்தது. நீ கரண்டியை நீட்டுவாய். நான் தொட்டியிலிருந்து வந்து ஒரு வாய் பார்ப்பேன். இடது கையில் ஒரு விரல் என்றால் உப்புப் போடு, இரண்டு விரல் என்றால் வினாகிரி, பொத்தினால் போதும். மேசைக்குப் போகிற முட்டைச் சோற்றுக்கு அது பெரிய வேலையில்லை. மறைத்து மறைத்துச் செய்ததில் எங்களுக்குக் கொஞ்சம் விளையாட்டும் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

விளையாட்டு முடிந்தது மீன் சூப்பில். உங்கள் ஊர்க்காரர் வந்தால் மட்டும் நீ அதைச் செய்வாய். மீன் சதையை மாவோடு பிசைந்து, கொதிநீரில் கிள்ளிக் கிள்ளிப் போடுவது. உருண்டை என்று பெயர், ஆனால் ஒன்றும் உருண்டையாக இராது. அன்று பைகள் விற்கும் கடைக்காரர் ஒருவர் வந்திருந்தார். நான் ருசி பார்த்தேன். ஒரு விரல். திரும்பவும் ஒரு விரல். பிறகு பொத்தினேன். சூப் முன்னால் போனது. பத்து நிமிடத்தில் அரைவாசியோடு திரும்பி வந்தது. உன் கணவர் அதை மேசையில் வைத்து உங்கள் பாஷையில் என்னவோ கேட்டார். அவர் போன பிறகு நீ எனக்குச் சொன்னாய்: “இண்டைக்கு ஆர் சமைக்கிறதெண்டு கேட்டவராம்.”

எனக்கு அழுகை வந்தது. நீ கோபிக்கவில்லை. “பிழை என்ரை. உன்ரை நாக்கு கடற்கரை நாக்கு. உப்பிலை வளர்ந்தது. நான்தான் அதுக்கு வழி சொல்லேல்லை” என்றாய்.

அதற்குப் பிறகு மூன்று மணிச் சாப்பாட்டு நேரங்களில் நீ எனக்கு ருசிகளைச் சொல்லத் தொடங்கினாய். வாயில் இல்லாததை ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொன்னாய். மீன் சூப் முதலில் வெறும் தண்ணீர் மாதிரி இருக்கவேண்டும். பிறகு வினாகிரி, பிறகு மிளகு தொண்டையில். மீன் கடைசியில், விழுங்கின பிறகுதான் வரவேண்டும். “விழுங்கின உடனை கதைக்காதை, பொறு” என்பாய். நான் கண்ணை மூடிக்கொண்டு பொறுப்பேன். “வந்திட்டுதோ?” “இல்லை.” “இப்ப?” “ஓம், இப்ப வருது.” அப்போது உன் முகத்தைப் பார்க்கவேண்டும். நீயே குடித்த மாதிரி இருக்கும். சில நாட்களில் ஒரு சூப்பை ஐந்து தரம் கொட்டித் திரும்ப வைத்திருக்கிறோம். என் கறிகளில் உப்புக் குறைந்துவிட்டது என்று வீட்டில் என் மனுசன் முறைப்பாடு சொன்னது அந்த மாதங்களில்தான்.

அடுத்த வசந்தத்தில் அந்த விருந்து வந்தது. உங்கள் ஊர்க் குடும்பம் ஒன்றில் பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. ஞாயிறு மத்தியானம் அறுபது பேர், பலெர்மோவிலிருந்தும் கத்தானியாவிலிருந்தும். எல்லாரும் உன் பக்கத்து மலைக்காரர். உன் கணவர் உன்னிடம் சொன்னாராம்: “இது நல்லாப் போனால் சுஷிக் கதையை விட்டிடுவம்.” நீ அதை எனக்குச் சொல்லும்போது கோவாவை வெட்டிக்கொண்டிருந்தாய். கத்தி நிற்கவில்லை.

அன்று விடியப் பூசைக்குப் போய்விட்டு நேரே வந்தேன். உங்கள் வழக்கப்படி முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் போட்டோம். காயவைத்த கடுகுக்கீரையோடு பன்றியிறைச்சி அவிந்தது. வயல் மீன் நூடுல்ஸ், கடைசியில் மீன் சூப். ஒவ்வொன்றாக வந்து வந்து ருசி பார்த்தேன். அவசரத்தில் காட்டியதால் எது ஒரு விரல், எது இரண்டு விரல் என்று உனக்கே குழம்பியது. சூப்புக்கு மட்டும் நான் நீண்ட நேரம் பொறுத்தேன். நீ அகப்பையோடு நின்றாய். கையைப் பொத்தினேன்.

சூப் கிண்ணங்கள் ஒன்றும் திரும்பி வரவில்லை, வெறுங்கிண்ணங்கள்தான் வந்தன. உன்னை வெளியே கூப்பிட்டார்கள். நான் கதவிடுக்கால் பார்த்தேன். வயதான ஒருவர் எழும்பி நின்று உன்னிடம் ஏதோ சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். உன் கணவர் சிரித்தபடி நின்றார். நீ தலை குனிந்து வணங்கிவிட்டு உள்ளே வந்துவிடுவாய் என்று நினைத்தேன்.

நீ வந்தாய்தான். ஆனால் என் ஈரக் கையைப் பிடித்து, ஏப்ரனோடு என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாய். அறுபது முகங்களுக்கு முன்னால் உங்கள் பாஷையில் ஒரு நிமிடம் கதைத்தாய். உன் விரல் உன் மூக்கைத் தொட்டது, பிறகு உன் வாயை, பிறகு என்னைக் காட்டியது. உன் கணவருடைய சிரிப்பு முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்ததை நான் கண்டேன். அந்த வயதானவர் என்னிடம் வந்து இரண்டு கையாலும் ஒரு சிவப்பு முட்டை தந்தார்.

“ஏன் சொன்னனீ? எல்லாம் முடிஞ்சுதே, சரியாத்தானே போச்சுது!” என்று குசினிக்குள் வந்ததும் உன்னைப் பிடித்து உலுப்பினேன்.

“அந்த வயசானவர் சொன்னவர், ‘சமைக்கிறவள் ஊரை மறக்கேல்லை’ எண்டு. அதை நான் எப்பிடி வாங்குறது? எங்கடை ஊரைக் கண்டிராத நீதானே அதைக் கண்டுபிடிச்சனீ.”

மூன்று கிழமை உன் கணவர் உன்னோடு கதைக்கவில்லை. நோயை மறைத்ததற்காக அல்ல என்று பிறகு நீ சொன்னாய். “வெளியாளுக்குச் சொன்னாய், எனக்குச் சொல்லேல்லை” என்பதுதான் அவருடைய ஒரே மனக்குறையாம். அந்த மூன்று கிழமையும் அவர் என் முகத்தைப் பாராமல் கோப்பைகளை வைத்துவிட்டுப் போவார். நான் பாராமல் எடுப்பேன்.

இலையுதிர் காலத்தில் கடை சுஷிக்கு மாறியது. மிலானோவிலிருந்து ஒரு சமையற்காரர் வந்தார். நீ சண்டை பிடிக்கவில்லை. முன்னால் போகிற ஒன்றையும் நீ அதற்குப் பிறகு சமைக்கவில்லை. மூன்று மணிக்கு எல்லாருக்கும் சமைத்தாய், அவ்வளவுதான். நானும் உன் பக்கத்தில் கரண்டியோடு நின்றேன். இப்போது மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் நாங்கள் விரலால்தான் கதைத்தோம். ஒரு நாள் உன் கணவர் வந்து, தன் கிண்ணத்தை என் பக்கம் நீட்டி, ருசி பார்க்கச் சொல்லிச் சைகை காட்டினார். நான் பார்த்து, கையைப் பொத்தினேன். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

பிறகு உன் வயிற்றில் வந்தது வேறு நோய். கண்டுபிடித்த பிறகு ஐந்து மாதம்தான் இருந்தாய். ஆஸ்பத்திரிக்கு நான் நூடுல்ஸ் கொண்டுவருவேன். உன்னால் தின்ன முடியாது. “நீ தின். திண்டு சொல்லு” என்பாய். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து நான் தின்பேன், சொல்லுவேன். “கோவா அளவுக்கு மிஞ்சி அவிஞ்சிட்டுது. மீன் நல்லாயிருக்கு. இஞ்சி கொஞ்சம் குறைச்சிருக்கலாம்.” நீ கண்ணை மூடிக் கேட்பாய். ஒரு நாள் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ கண் திறக்காமலே சொன்னாய்: “ஷிம்மியா, பொய் சொல்லாதை. அழுதுகொண்டு திண்டால் உனக்கு ருசி தெரியாது.”

உன் மகள் ஜூலியாவை நீ அறிவாய். இப்படிச் சொல்வது பைத்தியம்தான், ஆனால் இப்போதைய ஜூலியாவை நீ அறியமாட்டாய். பொலோஞ்ஞாவில் படிப்பை முடித்துவிட்டு வந்திருக்கிறாள். சின்ன வயதில் உன் சாப்பாட்டைப் பள்ளிக்குக் கொண்டுபோக வெட்கப்பட்டவள். போன மாதம் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். போர்கோ வெக்கியோவில் நாலாம் மாடி. மூச்சு வாங்க நின்றாள். என்னை ‘ட்சியா’ என்பாள், இத்தாலியனில் சின்னம்மா மாதிரி.

“ட்சியா, மீன் சூப் செய்யிற விதத்தை அம்மா ஒரு இடமும் எழுதி வைக்கேல்லை. அப்பாவுக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியுமாம்.”

எனக்கு உன் கை தெரியாது என்று அவளுக்கு உண்மையைச் சொன்னேன். எவ்வளவு மாவு, எவ்வளவு நேரம் பிசைவது என்று நான் கேட்டதே இல்லை. வாயில் எப்படி வந்து முடியவேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். “அது போதும்” என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். மீனை அவளே வாங்குகிறாள், அவளே பிசைகிறாள், கிள்ளிப் போடுகிறாள். நான் குடித்துவிட்டு, இன்னும் இல்லை என்கிறேன்.

போன ஞாயிறு நாலாம் தரம் கொட்டிய பிறகு அவள் கேட்டாள். “ட்சியா, இது அம்மான்ரை ருசிதான் எண்டு உங்களுக்கு என்னண்டு தெரியும்? உங்கடை சொந்த ருசியா இருந்தா?”

நீ உன் நாக்கால் கடைசியாக அந்தச் சூப்பைக் குடித்தது காய்ச்சலுக்கு முன்னால். அதற்குப் பிறகு அது என் வாயில்தான் இருந்து வருகிறது. இத்தனை காலத்தில் அதற்குள் மன்னார் உப்பு எவ்வளவு ஊறியிருக்கும்? சரிபார்க்க நீ இல்லை. உன்னிடமிருந்து நான் சுமப்பது இதுதான், இந்தப் பயத்தோடு சேர்த்துச் சுமக்கிறேன். ஜூலியாவிடமும் அதை அப்படியே சொன்னேன், ஒன்றும் மறைக்காமல். எனக்குத் தெரியாது பிள்ளை என்றேன்.

அவள் “தண்ணி கொதிக்குது” என்று சொல்லிவிட்டு அடுத்த கைப்பிடி மாவை எடுத்தாள்.

நான் வாயைக் கொப்பளித்துவிட்டு, கரண்டியோடு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.